வீட்டுமொழியும் ஏட்டுமொழியும்



சென்ற திங்கள் நம் சங்கத்து அன்பர் ஒருவர், "பிள்ளைக்கு மலையாளம் விரைவில் வரவேண்டின், வீட்டிலும் தமிழை விட்டுவிடலாமா?" என்று வினவினார். 2017இல் கேரளப் பள்ளிகளில் மலையாளத்தைக் கட்டாயமாக்கிச் சட்டம் வந்தபின், கொழிஞ்சாம்பாறையில் இக்கவலை பல வீடுகளில் கேட்கிறது. விடை கூறுமுன் மொரீசியசுத் தீவுக்குச் சென்று வருவோம், டிக்கெட் வேண்டியதில்லை!

அங்கு நம்மவர் பல தலைமுறையாய் வாழ்கின்றனர். தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறையும் உண்டு. ஆயினும் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது, பிரெஞ்சுச் சொற்கள் மலிந்த கிரியோல் மொழி. பள்ளி நூல்களோ ஆங்கிலத்தில்! நூலைக் கையில் வைத்துக்கொண்டு ஆசிரியர் கிரியோலில் விளக்குவது நெடுநாளைய வழக்கம். 2012இல்தான் கிரியோல் தொடக்கப் பள்ளியில் விருப்பப் பாடமாயிற்று. அதிலும் ஒரு சிக்கல். கிரியோலை எடுக்கும் பிள்ளை தமிழை விடவேண்டும். தமிழை எடுப்பின் கிரியோலை விடவேண்டும். தாய் பேசும் மொழி ஒருபுறம், பாட்டன் மொழி மறுபுறம். பெற்றோர் என் செய்வர்? அதே கடலிலுள்ள சீசெல்சுத் தீவினர் 1982இலேயே முதல் வகுப்பைக் கிரியோலில் தொடங்கி, மேல்வகுப்பில் ஆங்கிலத்துக்கு ஏற்றினர்.

மொரீசியசுக் கிரியோலில் "மோ மான்ஸே" என்றால் உண்கிறேன். "மோ தி மான்ஸே" உண்டேன். "மோ பூ மான்ஸே" உண்பேன். வினை மாறுவதில்லை, முன்னே ஒரு சிறுசொல் சேர்கிறது. இதனை அறிந்த ஆசிரியர், "நீ 'தி' சேர்க்குமிடத்தில் ஆங்கிலத்தில் வினையே உருமாறும்" என்று காட்டிவிடலாம். மற்றவர் சிவப்பு மையால் சுழித்துவிட்டுப் போவார்.

நிற்க. எனக்கு மலையாளம் வந்த கதையும் இதுவே. "ஞான் வந்நேன்" என்று நான் எழுதியதை ஓர் ஆசிரியர் உரக்கப் படித்து வகுப்பையே சிரிக்கவைத்தார். ஓராண்டு நான் அவ்வகுப்பில் வாய் திறக்கவில்லை. அடுத்து வந்தவர் கரும்பலகையில் "வந்தேன், வந்தான், வந்தாள்" என்று தமிழில் எழுதி, "உங்கள் வினைக்கு வால் உண்டு, எங்களுடையதற்கு இல்லை. ஞான் வந்நு, அவன் வந்நு, அவள் வந்நு" என்றார். அன்று நறுக்கிய வால், இன்று டிக்கெட் கவுண்டரில் இரு மொழியிலும் எனக்குச் சோறு போடுகிறது.

ஆகவே அன்பரே, வீட்டில் தமிழே பேசுக. பிள்ளையின் மலையாள நோட்டை வரும் ஞாயிறு மாலை சங்கத்துக்குக் கொண்டுவருக. வால் எங்கெங்கே ஒட்டியிருக்கிறதென்று பார்த்துவிடுவோம்.