முகத்தில் விழும் அடி

குலசேகரன்பட்டினத்தில் அஸர் தொழுகை முடிந்து கடற்கரைப் பக்கம் நடந்தால், இப்போதெல்லாம் ஒரு காட்சி தவறாமல் கண்ணில் படுகிறது. ஐந்தாறு இளைஞர்கள் ஒரே கைபேசியின்மேல் தலைகளைக் கவிழ்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்குள்ளே ஒரு கம்பிவலைக் கூண்டு. கூண்டுக்குள்ளே இரண்டு மனிதர்கள். ஒருவன் மல்லாந்து கிடக்க, மற்றவன் அவன் மார்பின்மேல் அமர்ந்து முகத்தில் குத்திக்கொண்டிருக்கிறான். "காக்கா, பாருங்க, இவர் நம்ம ஆளு!" என்று ஒரு பிள்ளை நம்மிடமும் கைபேசியை நீட்டினான். பார்த்தோம். தாகெஸ்தானைச் சேர்ந்த கபீப் நூர்மகமதோவ். பிள்ளையின் கண்ணில் மின்னிய பெருமிதத்தைக் கலைக்க அப்போது மனம் வரவில்லை. இப்போது எழுதுகிறோம்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறோம். நாம் மல்யுத்தத்துக்குப் பகைவரல்லர். மக்கத்து மல்லர் ருகானாவோடு பெருமானார் (ஸல்) அவர்கள் மற்போர் புரிந்து வீழ்த்தியதாக அபூதாவூதிலும் திர்மிதியிலும் செய்தி உண்டு. அதன் அறிவிப்புத் தொடர் உறுதியானதன்று என்று இமாம் திர்மிதி அவர்களே குறித்திருப்பினும், உடல் வலிமையை நம் முன்னோர் இழிவாகக் கருதவில்லை என்பதற்கு வேறு சான்றுகளும் நிரம்ப உள. 1910-இல் லண்டனுக்குச் சென்ற காமா பயில்வான், போலந்து மல்லர் ஸ்பிஸ்கோவோடு இரண்டரை மணி நேரத்துக்கு மேல் மல்லாடினார். விழுந்துவிடாதிருக்கவே அந்த மனிதர் பெரும்பொழுது தரையோடு தரையாகத் தவழ்ந்து கிடந்தார். அத்தனை நேரப் போரில் ஒருவர் முகத்தில் மற்றவர் குத்துவதற்கு விதி இடம் தரவில்லை. மல்யுத்தத்தின் மாண்பே அதுதான். எதிரியின் தோள்களை மண்ணில் பதித்த கணத்தில் போர் முடிந்துவிடுகிறது. விழுந்தவன் எழுகிறான், இருவரும் கை கொடுத்துப் பிரிகிறார்கள்.

கூண்டுக்குள் நடப்பதோ வேறு. அங்கே, எதிரி விழுந்த பிறகுதான் போரே தொடங்குகிறது. இந்த வேறுபாட்டைத் தன் உடலாலேயே கற்றுக்கொண்ட ஓர் இந்தியப் பெண்ணின் கதையைச் சொன்னால் நம் கருத்து விளங்கும்.

ஹரியானாவின் பலாலி என்னும் சிற்றூரில் பிறந்தவர் ரிது போகத். தந்தை மகாவீர் சிங் போகத், தம் பெண்மக்களை மண் களத்தில் இறக்கி மல்யுத்தம் பயிற்றியவர். ஊரார் நகைத்தனர், அவர் பொருட்படுத்தவில்லை. மூத்த மகள் கீதா 2010 காமன்வெல்த் விளையாட்டில் தங்கம் வென்ற பிறகு நகைத்த வாய்கள் மூடிக்கொண்டன. ரிது 2016-இல் சிங்கப்பூரில் நடந்த காமன்வெல்த் மல்யுத்த வாகைப் போட்டியில் 48 கிலோ பிரிவில் தங்கம் வென்றார். 2017-இல் போலந்தில், 23 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் வெள்ளி. ஒலிம்பிக்கை நோக்கி நேராகப் போய்க்கொண்டிருந்த அந்தப் பாதையிலிருந்து 2019-இல் அவர் விலகினார். சிங்கப்பூரை மையமாகக் கொண்ட ஒன் சாம்பியன்ஷிப் நிறுவனத்தில் சேர்ந்து, கலப்புச் சண்டையில் இந்தியாவின் முதல் உலக வாகையராவதே தம் இலக்கு என்று அறிவித்தார்.

தொடக்கம் அமோகம். 2019 நவம்பரில் பெய்ஜிங்கில் முதற் சண்டை. முதற் சுற்றிலேயே வெற்றி. அடுத்தடுத்து நான்கு வெற்றிகள். எதிரியைத் தூக்கித் தரையில் அறையும் பயில்வான் வித்தை அங்கே பொன்னாயிற்று. 2021 டிசம்பரில் பெரும் இறுதிப் போட்டி. எதிரே தாய்லாந்தின் ஸ்டாம்ப் ஃபேர்டெக்ஸ், காலாலும் முழங்கையாலும் தாக்குவதில் தேர்ந்தவர். ரிது அவரைத் தரையில் வீழ்த்தினார். மல்யுத்த விரிப்பானால் புள்ளிகள் அவருக்குத்தான். ஆனால் கீழே கிடந்த அந்தப் பெண் அங்கிருந்தபடியே கையைப் பின்னி முறுக்க, இரண்டாம் சுற்றில் ரிது தோல்வியை ஒப்புக்கொண்டார். 2022-இல் டிஃபனி டியோவிடமும், மணமாகித் தாயான பின் 2025 பிப்ரவரியில் தோஹாவில் அயாகா மியுராவிடமும் முதற் சுற்றுகளிலேயே பிடியில் சிக்கித் தோற்றார். இருபது ஆண்டுகளாக எதை வெற்றி என்று உடல் பயின்றதோ, அதுவே இங்கே பொறியாயிற்று.

அந்தப் பெண்மணியை நாம் குறை கூறவில்லை. குறை கூற நாம் யார்? அவர் விரிப்பை விட்டுப் போன நான்காம் ஆண்டில், விட்டுப் போகாதவர்களின் கதி என்னவாயிற்று? 2023-இல் நாட்டின் தலைசிறந்த மல்லர்கள், மல்யுத்த சம்மேளனத் தலைவர்மீது பாலியல் துன்புறுத்தல் குற்றம் சாட்டி, நீதி கேட்டு டில்லி ஜந்தர் மந்தர் வீதியில் வாரக்கணக்கில் அமர்ந்திருந்தார்கள். ரிதுவின் தங்கை சங்கீதாவும் பெரியப்பா வீட்டாரின் செல்லமான வினேஷும் அவர்களில் இருந்தனர். மே 28 அன்று காவலர் அவர்களை இழுத்துச் சென்றனர். மே 30 அன்று பதக்கங்களைக் கங்கையில் எறிந்துவிட ஹரித்வாருக்கே போய்விட்டார்கள். பதக்கம் பெற்ற மகளை நடுத்தெருவில் அமர வைக்கும் நாட்டில், காசும் விளக்கொளியுமாகக் கூண்டு அழைத்தால் ஒரு பயில்வான் போகாமல் என்ன செய்வான்?

ஆயினும் கூண்டைப் போற்ற நம்மால் இயலாது. "அவர் முஸ்லிமாயிற்றே, வெற்றி பெற்றதும் அல்ஹம்துலில்லாஹ் என்கிறாரே" என்பது நம் இளைஞர்களின் வாதம். கபீப் தொழுகையாளி என்பதில் நமக்கு மகிழ்ச்சியே. 29 சண்டைகளில் ஒன்றிலும் தோற்காமல், தந்தை மறைந்த அதே 2020-ஆம் ஆண்டில், வாப்பா இல்லாமல் களமிறங்க மாட்டேன் என்று உம்மாவுக்குத் தந்த வாக்கைக் காத்து ஓய்வு பெற்றார். அதையல்லவா பிள்ளைகள் ஒருவருக்கொருவர் காட்ட வேண்டும்? 2018-இல் வென்ற கையோடு கூண்டைத் தாண்டிக் குதித்து எதிராளியின் கூட்டத்தார்மீது பாய்ந்தாரே, அதற்காக ஐந்து லட்சம் டாலர் அபராதமும் ஒன்பது மாதத் தடையும் பெற்றாரே, அதைத்தான் மீண்டும் மீண்டும் ஓட்டிப் பார்க்கிறார்கள்.

சண்டையிடும்போதும் முகத்தில் அடிப்பதைத் தவிர்க்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததை அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்க, புகாரியிலும் முஸ்லிமிலும் அது பதிவாகியிருக்கிறது. அடிப்பவன் எந்த மார்க்கத்தவனாயினும் முகம் முகம்தானே? மருத்துவமும் இதையே சொல்கிறது. தலையில் அடிபட்டு அடிபட்டுக் குத்துச்சண்டை வீரர்கள் நிலைதடுமாறுவதை அமெரிக்க மருத்துவர் மார்ட்லண்ட் 1928-லேயே எழுதிவிட்டார். நம் வாப்பாமாருக்கு முகம்மது அலி எவ்வளவு பெரிய மனிதர்! 1980-இல் அவர் சென்னைக்கு வந்து காட்சிப் போட்டியில் கலந்துகொண்டபோது ஊரே திரண்டது. நான்கே ஆண்டுகளில் பார்க்கின்சன் நோய் அவரைப் பற்றியதாக மருத்துவர் உறுதி செய்தனர். அடிகளுக்கும் அந்நோய்க்கும் உள்ள தொடர்பை இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். விவாதம் முடியும்வரை நம் வீட்டுப் பிள்ளையின் மண்டையைப் பணயம் வைக்க வேண்டுமா?

மல்யுத்தத்தில் மட்டும் காயம் இல்லையா என்று கேட்பார்கள். உண்டு, நசுங்கிய காதுகளும் முறிந்த முழங்கால்களும் உண்டு. எடை குறைக்கும் கொடுமையும் இருபுறமும் உண்டு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நூறு கிராம் மிகுந்ததால் வினேஷ் இறுதிப் போட்டியை இழந்தார். 2015-இல் சீன வீரர் யாங் ஜியான் பிங், கூண்டுச் சண்டைக்காக எடை குறைக்கும் முயற்சியில் உயிரையே இழந்தார். ஆனால் ஒன்றில் காயம் விபத்து. மற்றொன்றில் காயப்படுத்துவதே தொழில்.

இனி நம் பெரியோர்களிடம் ஒரு வார்த்தை. பிள்ளைகள் கைபேசியில் கூண்டைப் பார்க்கிறார்கள் என்று ஜுமுஆ மேடையில் கண்டிப்பதோடு கடமை தீர்ந்ததா? விரிப்பு எங்கே? மல்யுத்த விரிப்பு என்பது 12 மீட்டர் சதுரம். நடுவே 9 மீட்டர் வட்டம். நம் திருமண மண்டபங்களில் ஒன்றின் சாப்பாட்டுக் கூடத்திலேயே தாராளமாக விரிக்கலாம். ஆண்டில் எத்தனை நாள் அந்தக் கூடங்கள் பூட்டிக் கிடக்கின்றன! பெண்மக்களுக்கும் தனி நேரமும் பெண் ஆசிரியையும் வேண்டுமென்று சொன்னால் புருவம் உயர்த்துவோர் உண்டு என்பதை அறிவோம். பலாலியிலும் உயர்த்தினார்கள்.

சென்ற வெள்ளியன்று அந்தப் பிள்ளையை மறுபடி சந்தித்தோம். முகத்தில் அடிப்பது பற்றிச் சொன்னதைப் பொறுமையாகவே கேட்டுக்கொண்டான். பிறகு, "சரி காக்கா, குஸ்தி மட்டும் கத்துக்கிறேன். நம்ம ஊர்ல எங்க சொல்லித் தர்றாங்க?" என்றான். ஜமாஅத் அலுவலகத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தோம், பூட்டியிருந்தது.