பரிசோதனைத் தளங்களுக்குப் பெயரிடும் முறை

மும்பையில் மாதுங்காவிலுள்ள வட்டப் பூங்காவின் அதிகாரபூர்வமான பெயர் மகேசுவரி உத்யான் என்பது. எனினும் அப்பகுதியில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும், டாக்ஸி ஓட்டுவோருக்கும் அது இன்றும் கிங்ஸ் சர்க்கிளே. அதே பெயர் கொண்ட இரயில் நிலையத்துக்கு வேறு பெயர் சூட்டவேண்டுமென 2024 ஆம் ஆண்டில் மகாராஷ்டிர சட்ட மேலவை தீர்மானித்தது. பலகையில் எப்பெயர் இருப்பினும், பேட்டைக்குள் வழங்கும் பெயர் பேட்டைக்காரரை உரிய இடத்தில் கொண்டு சேர்த்துவிடும். வேறொரு நகரில் அதே பெயரில் வேறொரு சந்தி இருந்து, அங்கு ஒருவர் வழி கேட்கும்போதுதான் சங்கடம் தோன்றுகிறது.

கணிப்பொறி வலையத்திலும் ஊர்ப் பெயர், உலகப் பெயர் என்னும் இருவகை உண்டு. ஆதியில் அமெரிக்க ஆர்ப்பாநெட் வலையிலிருந்த கணிப்பொறிகளின் பெயர்கள் யாவும் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையம் பேணிய ஒரே பட்டியலில் அடங்கியிருந்தன. பட்டியல் பெருகிக் கையாள முடியாதுபோகவே, 1983 இல் பால் மொக்கபெட்ரிஸ் இன்றைய களப்பெயர் அமைப்பை வகுத்தார். இந்தியாவுக்குரிய ‘இன்’ என்னும் மேற்பெயர் 1989 இல் வழங்கப்பெற்றது. தொடக்க ஆண்டுகளில் அதைப் பேணியது மும்பை ஜூஹுவில் இயங்கிய தேசிய மென்பொருள் தொழில்நுட்ப நிலையம். பழைய பட்டியலோ அறவே மறைந்துவிடவில்லை. ‘ஹோஸ்ட்ஸ்’ என்னும் சிறு கோப்பாக ஒவ்வொரு கணிப்பொறியிலும் அது இன்றும் இருக்கிறது. அதில் 127.0.0.1 என்னும் எண்ணையும் ஒரு பெயரையும் ஒரே வரியில் எழுதினால், அப்பெயர் அக்கணிப்பொறியையே குறிக்கும். அபிவிருத்தித் திட்டமொன்றின் வலைத்தளத்தை வெளியிடுமுன் சோதித்துப் பார்க்க இதனினும் எளிய வழி இல்லை.

எளிமையே பிழைக்கும் இடந்தருகிறது. உலகெங்கும் மென்பொருள் எழுதுவோர் தம் சோதனைத் தளங்களுக்கு ‘டெவ்’ என்னும் ஈற்றைத் தாமாகவே சூட்டிவந்தனர். அது எவருக்கும் உரியதன்று என்பது அவர்கள் எண்ணம். ஆனால் 2014 இல் அம்மேற்பெயர் கூகுள் நிறுவனத்துக்கு உரியதாயிற்று. 2017 டிசம்பரில் வெளிவந்த குரோம் 63 ஆம் பதிப்பு, அவ்வீறு கொண்ட தளங்கள் யாவும் சான்றிதழுடன் கூடிய பாதுகாப்பான இணைப்பிலேயே திறக்கவேண்டுமெனக் கட்டாயப்படுத்தியது. முந்தினநாள் வரை இயங்கிய சோதனைத் தளங்கள் மறுநாள் திறக்கவில்லை.

திறக்காமற் போவது சிறு நட்டமே. திறப்பதுதான் பெருங்கேடு. புனைந்த பெயர் உள்ளூரில் கிட்டாதபோது கணிப்பொறி அதை வெளியே கேட்கிறது. கேள்வி மூலச் சேவகங்கள் வரை சென்றுவிடும். இன்று இல்லை என்னும் விடை வருகிறது. நாளை ஒருவர் அப்பெயரைப் பதிவுசெய்துகொண்டால், களப் பணியாளர் சோதனைத் தளமென நம்பி உட்செலுத்தும் பயனாளிகளின் பெயர், நிலம், கடன் விவரங்கள் அன்னியர் கைக்குப் போகக்கூடும். இவ்வகை மோதலை அஞ்சியே ‘கார்ப்’, ‘ஹோம்’, ‘மெயில்’ ஆகிய மூன்றையும் எவருக்கும் வழங்குவதில்லையென ஐகான் நிறுவனம் 2018 இல் முடிவுசெய்தது.

ஆதலின், ஒதுக்கப்பட்ட பெயர்களையன்றிப் பிறவற்றைத் தொடாதிருத்தலே தக்கது. 1999 ஜூனில் வெளியான 2606 ஆம் இலக்க ஆவணம் ‘டெஸ்ட்’, ‘எக்ஸாம்பிள்’, ‘இன்வாலிட்’, ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்னும் நான்கை என்றென்றைக்கும் ஒதுக்கிவைத்தது. இவற்றுள் சோதனைக்கு உரியது ‘டெஸ்ட்’. நிலையான உள் அலுவலக வலைகளுக்கென ‘இன்டர்னல்’ என்பது 2024 இல் ஒதுக்கப்பட்டது. ‘லோக்கல்’ பார்வைக்கு நல்ல பெயரே. ஆனால் அச்சுப்பொறி முதலியன ஒன்றையொன்று தேடிக்கொள்வதற்கு அது உபயோகமாகிறபடியால் விலக்கத்தக்கது. பல ஊர்களில் பணியாளர் உள்ள பெருந்திட்டமாயின், தமக்கு ஏற்கெனவே சொந்தமான களப்பெயரின்கீழ் ஓர் உட்பெயரை அமைத்துக்கொள்வது இவை எல்லாவற்றிலும் மேலானது.

தமிழ் கற்பிப்போர் அறியவேண்டிய செய்தி ஒன்றுண்டு. 2007 இல் ஐகான் பதினொரு சோதனை மேற்பெயர்களை மூலப் பட்டியலில் சேர்த்தபோது, அவற்றுள் தமிழும் இடம்பெற்றது. ‘உதாரணம்.பரிட்சை’ என்பது அம்முகவரி. (அகராதிகள் பரீட்சை என நெடிலிட்டு எழுதும், உலக வலை குறிலோடு ஏற்றுக்கொண்டது.) 2013 இல் அவை நீக்கப்பட்டன. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் என்னும் மேற்பெயர்கள் தமிழ் எழுத்திலேயே வழங்கும் இந்நாளில், மாணவன் பயிலும் சோதனைப் பெயருக்கு மட்டும் தமிழில் நிலையான ஒதுக்கீடு இல்லாதிருப்பது குறையே. அது நேரும்வரை, ‘பள்ளி.டெஸ்ட்’ என முற்பகுதியைத் தமிழ் எழுத்திலும் ஈற்றை மட்டும் ரோமன் எழுத்திலும் அமைத்துக் கற்பிக்கலாம். ஆயின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் தமிழ் எழுத்தை அப்படியே இட்டால் பயன் விளையாது. உலாவி தமிழ்ப் பெயரை ‘எக்ஸ்என்’ என்று தொடங்கும் ரோமன் குறியீடாக மாற்றியே தேடுமாதலால், அக்குறியீட்டையே கோப்பில் எழுதவேண்டும்.

வகுப்பிலுள்ள பத்துக் கணிப்பொறிகளிலும் இக்கோப்பைத் திருத்துவது வீண் உழைப்பு. ஆசிரியரின் கணிப்பொறியில் ‘டிஎன்எஸ்மாஸ்க்’ என்னும் இலவச நிரலை நிறுவி, ‘டெஸ்ட்’ என முடியும் பெயர்கள் யாவற்றுக்கும் அக்கணிப்பொறியின் எண்ணையே விடையாகக் கூறுமாறு ஒரு வரி எழுதி, ஏனையவற்றை அதனிடமே பெயர் கேட்கச் செய்தாற் போதுமானது. வெளி இணைப்பு அறுந்த நாளிலும் பாடம் நடைபெறும்.