கடலுக்கு முதுகு காட்டி ஒரு இட்லி

ஊரிலிருந்து மும்பைக்கு வரும் உறவினர்கள் கையோடு இரண்டு கேள்விகள் கொண்டுவருவார்கள். முதலாவது, “கடல் எந்தப் பக்கம்?” இரண்டாவது, “நம்ம சாப்பாடு எங்கே கிடைக்கும்?” இரண்டுக்கும் பதில் எதிரெதிர்த் திசையில் இருப்பதுதான் இந்த ஊரின் சங்கடம். கடல் மேற்கே. சௌபாத்தியில் பேல்பூரி, ஜூஹுவில் பாவ்பாஜி, அதோடு சரி. வயிறு நிறைய வேண்டுமென்றால் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மாட்டுங்கா கிழக்குக்குப் போக வேண்டும்.

சென்ற டிசம்பரில் அக்காவும் அத்தானும் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தார்கள். அத்தான் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். எதையும் திருத்தாமல் விடமாட்டார். இரண்டு நாள் மெரீன் டிரைவ், கேட்வே, ஜூஹு என்று சுற்றிய பிறகு மூன்றாம் நாள் இரவு தீர்ப்புச் சொன்னார்: “மாப்ளே, கடல் எல்லா ஊர்லயும் உப்புதான். நாளைக்கு ஒரு நல்ல இட்லியைப் பார்க்கணும்.”

எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. செம்பூரில் குடியேறி இருபது வருடமாகியும், விருந்தாளி வந்தால் நான் காட்ட ஆசைப்படும் மும்பை, கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றியுள்ள சில தெருக்களில் அடங்கிவிடும்.

விடிவதற்கு முன்பே கிளம்பினோம். முதல் நிறுத்தம் மாட்டுங்கா ரயில் நிலையத்தின் அருகே, பண்டார்கர் சாலையில் இருக்கும் ராம் ஆஷ்ரயா. 1939-ல் தொடங்கியது. நகரம் கண்விழிக்கும் முன்பே இங்கே கதவு திறந்துவிடும். நடைப்பயிற்சி முடித்தவர்களும் ராத்திரி ஷிப்ட் முடித்தவர்களும் ஒரே வரிசையில் நிற்பார்கள். உப்புமா, இட்லி, அன்னாசிப் பழம் போட்ட கேசரி. இங்கே அதற்கு ஷீரா என்று பெயர். மேஜை காலியாகும்வரை காத்திருக்கக் கூடாது. நாற்காலி காலியானால் உட்கார்ந்துவிட வேண்டும். எதிரே முன்பின் தெரியாதவர் தோசையைப் பிய்த்துக்கொண்டிருப்பார். அவர் சட்னிக் கிண்ணம் எது, உங்கள் கிண்ணம் எது என்பதில் மட்டும் கவனம் தேவை.

அடுத்தது பாவு தாஜி சாலையில் கஃபே மெட்ராஸ். 1940-ல் ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை போனால் வாசலில் பெயர் கொடுத்துவிட்டு நடைபாதையில் நிற்கத் தயாராக இருங்கள். ராகி தோசையும் ரசத்தில் ஊறிய வடையும் விசேஷம். பெயர்ப் பலகையைப் பார்த்ததும் அத்தானுக்கு ஊர்ப் பெருமை பொங்கியது. அதைக் கெடுக்க மனமில்லாவிட்டாலும் சொல்ல வேண்டியிருந்தது: இந்த ‘மெட்ராஸை’ நடத்துவது கர்நாடகக் கடற்கரையிலிருந்து வந்த காமத் குடும்பம்.

மாட்டுங்காவின் வேடிக்கை இதுதான். வடக்கத்தியர்கள் ‘மதராஸி ஹோட்டல்’ என்று சொல்லும் இடங்களில் பாதிக்கு மேல் உடுப்பி, மங்களூர்ப் பக்கத்து மனிதர்களுடையவை. சாம்பாரில் லேசாக வெல்லம் தட்டுப்படுவது அதனால்தான். அத்தான் ஒரு வாய் குடித்துவிட்டு, “சாம்பாரா, பாயசமா?” என்று கேட்டார். ஆனால் இரண்டாவது கிண்ணமும் வாங்கிக்கொண்டார்.

இவர்கள் எல்லாம் இங்கே எப்படி வந்தார்கள்? 1896-ல் பம்பாயைப் பிளேக் பிடித்தது. நெரிசலில் நோய் பரவுகிறது என்று பயந்த ஆங்கில அரசு ஒரு நகர மேம்பாட்டு டிரஸ்ட்டை அமைத்தது. தாதர், மாட்டுங்கா பகுதிகள் அகலமான சாலைகளோடும் மரங்களோடும் திட்டமிட்டுக் கட்டப்பட்டது அந்த டிரஸ்ட்டின் வேலை. கோட்டைப் பகுதி அலுவலகங்களில் டைப் அடிக்கவும் கணக்கு எழுதவும் பாலக்காடு, தஞ்சாவூர், திருநெல்வேலி என்று புறப்பட்டு வந்தவர்கள் புதுக் கட்டடங்களில் வாடகைக்குப் புகுந்தார்கள். கோவில் வந்தது, பூக்கடை வந்தது, 1932-ல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் வந்தது. சங்கீதத்துக்குப் பின்னாளில் ஷண்முகானந்தா ஹால் வந்தது. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த ஒண்டிக்கட்டைகளுக்கு எல்லாவற்றுக்கும் முன்பு தேவைப்பட்டது, கையைச் சுடாத விலையில் இரண்டு வேளைச் சாப்பாடு.

அதைப் புரிந்துகொண்டவர் ஏ. ராம நாயக். அவர் 1942-ல் தொடங்கிய உடுப்பி ஸ்ரீ கிருஷ்ண போர்டிங் இன்றும் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், மார்க்கெட் கட்டடத்தின் மாடியில் இருக்கிறது. மத்தியானம் அங்கேதான். முதலில் டோக்கன். அளவுச் சாப்பாடு தட்டில், அளவில்லாச் சாப்பாடு வாழையிலையில். பூரி அல்லது சப்பாத்தி, கூட்டு, பொரியல், சாதம், சாம்பார், ரசம், மோர். பரிமாறுபவர்கள் நடப்பதில்லை, ஓடுகிறார்கள். வேண்டாம் என்றால் இலைக்கு மேல் கையை விரித்துத் தடுக்க வேண்டும். வாயால் சொன்னால் அதற்குள் சோறு விழுந்திருக்கும். பக்கத்து இலையில் குஜராத்தி வியாபாரி, எதிர் இலையில் மராத்தி போலீஸ்காரர். தமிழ்நாட்டில் ஹோட்டல் பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை அழிக்க 1957-ல்கூட மறியல் செய்ய வேண்டியிருந்ததைப் பள்ளி வயதில் பார்த்தவர் அத்தான். டோக்கன் எண்ணைத் தவிர எதையும் கேட்காத அந்தப் பந்தியைச் சிறிது நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் சுமுகமாகவே நடந்துவிடவில்லை. 1966-ல் சிவசேனை தொடங்கியதும் அதன் முதல் கோபம் தென்னிந்தியர்கள் மேல்தான் திரும்பியது. வேலைகளைப் பறிப்பவர்கள் என்று எங்கள் மேல் குற்றச்சாட்டு. உடுப்பி ஹோட்டல்கள் கல்லடி பட்டன. கண்ணாடியை மாற்றிவிட்டு மறுநாள் மாவு அரைத்தார்கள். அதே நகரம் இன்று மசால் தோசையைத் தன் சொந்தப் பலகாரமாக நினைக்கிறது.

ரூயா கல்லூரிக்கு எதிரே 1937 முதல் பல தலைமுறை மாணவர்களுக்குச் சோறு போட்ட மணீஸ் லஞ்ச் ஹோம் பற்றித் தனியாகவே எழுதலாம். வாடகையும் குடும்பமும் பெருத்தபோது மாட்டுங்காத் தமிழர்கள் செம்பூர், முலுண்ட், டோம்பிவ்லி என்று நகர்ந்தார்கள். ஃபில்டர் காபியும் பின்னாலேயே வந்தது. செம்பூரில் சேடா நகர் முருகனைக் கும்பிட்டுவிட்டு வருபவர்களுக்கு நல்ல டிபனுக்குப் பஞ்சமில்லை.

இதுவரை சொன்னது எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் கிடைக்கும். அத்தானை மறுநாள் நான் அழைத்துப்போன இடம் கையேட்டில் இல்லை.

1988-ல் இந்த ஊருக்கு வந்தபோது நான் தங்கியது மாட்டுங்காவில் அல்ல. பெயரில் மட்டும் மாட்டுங்கா உள்ள லேபர் கேம்ப்பில். அது தாராவி. ஊர்க்காரர் ஒருவர் தயவில், இரும்பு ஏணி வைத்து ஏறும் மாடி அறையில் ஆறு பேரில் ஒருவன். கீழ்வீட்டில் ஒரு குடும்பம் இட்லி வியாபாரம் செய்தது. ராத்திரி கிரைண்டர் சத்தம். மூன்று மணிக்கு அடுப்பு பற்றவைத்தால் ஆவி தரைப்பலகை இடுக்கு வழியாக மேலே வரும். அலாரம் தேவைப்பட்டதில்லை. ஆறரைக்குள் அலுமினியப் பாத்திரங்கள் சைக்கிளில் ஏறும். தூக்கில் சாம்பார், இன்னொன்றில் சட்னி, கைப்பிடியில் ரப்பர் பந்து ஹாரன். ‘பாம் பாம்’ என்று அது மாஹிமிலும் சயனிலும் பாந்த்ராவிலும் ஒலிக்கும்போது, இட்லி எந்த ஊரிலிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

எனக்கு முதல் சம்பளம் வர நாற்பது நாள் ஆனது. அத்தனை நாளும் காலையில் நான்கு இட்லி அந்த வீட்டில்தான். அந்த அக்கா கணக்கைச் சுவரில் கரிக்கோடாகப் போட்டார். சம்பளம் வாங்கிக் கொடுக்கப் போனபோது, பாதிக் கோடுகளை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, “மீதிக்குக் குடு தம்பி” என்றார். ராம நாயக் ஹோட்டலில் சாப்பிடப் போக எனக்கு ஐந்து மாதம் பிடித்தது. அதுவரை என்னை நிற்கவைத்தது இந்தப் பெயர்ப் பலகை இல்லாத ஹோட்டல்தான்.

அக்கா இப்போது இல்லை. மகன் நடத்துகிறான். அத்தானைப் பார்த்ததும், “வாங்க பெரியப்பா, எந்த ஊரு?” என்றான். அத்தான் ஊரைச் சொன்னார். பத்தாவது நிமிடத்தில் இரண்டு பேருக்கும் பொதுவான ஒரு சொந்தம் கண்டுபிடிக்கப்பட்டது. பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து ஈயத் தட்டிலிருந்து நேரே இறங்கிய இட்லி. சாம்பாரில் வெல்லம் இல்லை. அத்தான் எதையும் திருத்தவில்லை.

“வியாபாரம் எப்படி?” என்று கேட்டேன்.

“2020-ல கொரோனா வந்தப்போ எல்லாரும் ஊருக்குப் போயிட்டாங்க. சைக்கிள்லாம் சங்கிலி போட்டுக் கிடந்துச்சு. திரும்பி வந்து எந்திரிச்சாச்சு. இனிமேதான் தெரியல மாமா” என்று மேலே கையைக் காட்டினான். நான் தங்கியிருந்த அதே மாடி அறை. இப்போது நான்கு பையன்கள் இருக்கிறார்கள். அவன் அவிக்கும் இட்லியைச் சைக்கிளில் கொண்டுபோய் விற்பவர்கள் அவர்கள்தான்.

தாராவியை இடித்துக் கட்டும் திட்டத்துக்கான ஏலத்தை 2022 நவம்பரில் அதானி குழுமம் எடுத்தது. மாநில அரசும் அதில் பங்குதாரர். விதிப்படி 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பவர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு, இலவசமாக. பிறகு வந்தவர்களுக்கும் மாடியில் இருப்பவர்களுக்கும் தாராவிக்கு வெளியே. முலுண்ட், தேவனார் என்று இடங்களின் பெயர்கள் அடிபடுகின்றன.

திட்டமே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பொதுக் கழிப்பிட வரிசையில் வாளியோடு நின்றவன் நான். சொந்தக் கழிப்பறையுள்ள வீடு என்றால் என்ன என்பது அந்த வரிசையில் நின்ற பெண்களுக்குத் தெரியும். அந்தப் பையனுக்கும் வீடு கிடைக்கும். அவனிடம் பழைய ரேஷன் கார்டு இருக்கிறது.

ஆனால் இட்லி என்பது வீடு மட்டுமல்ல. மாவு கீழே, கால்கள் மேலே என்று அமைந்த தொழில் இது. மேற்கு, மத்திய ரயில் பாதைகளுக்கு நடுவே தாராவி உட்கார்ந்திருப்பதால்தான் சூடு ஆறுவதற்குள் சைக்கிள் நாலு பக்கமும் போய்விடுகிறது. விற்கும் பையன்களை முலுண்டுக்கு அனுப்பிவிட்டால், விடியற்காலை மூன்று மணிக்கு அவர்கள் எந்த ரயிலைப் பிடித்து வருவார்கள்? பதினைந்தாவது மாடியில் கிரைண்டர் ஓட்டினால் பதினான்காவது மாடிக்காரர் சும்மா இருப்பாரா? கணக்கெடுக்க வருபவர்களின் படிவத்தில் வீட்டுக்கு ஒரு கட்டம், கடைக்கு ஒரு கட்டம் இருக்கலாம். ஒரே அறை இரவில் தொழிற்சாலை, பகலில் வீடு, அதன் கூரை இன்னொருவனுக்குத் தரை என்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

பிளேக்குக்குப் பயந்து போட்ட ஒரு திட்டத்தில் மாட்டுங்கா பிறந்தது. வாடகைக்கு வந்த குமாஸ்தாக்களுக்கும் அவர்களுக்குச் சோறு போட்டவர்களுக்கும் அங்கே இடம் இருந்தது. எண்பது வருடம் கழித்தும் நாம் டோக்கன் வாங்கி நிற்பது அதனால்தான். புதுத் தாராவியிலும் அதே கேள்விதான்: வரைபடத்தில் சமையல் செய்பவனுக்கு இடம் இருக்கிறது, சுமந்து போகிறவனுக்கு இருக்கிறதா?

நீங்கள் மும்பைக்கு வந்தால் கடலைப் பாருங்கள். ராம் ஆஷ்ரயா, கஃபே மெட்ராஸ், ராம நாயக் எதையும் விடாதீர்கள். திங்கட்கிழமை மட்டும் விசாரித்துவிட்டுப் போங்கள், சில இடங்களில் கதவு மூடியிருக்கும். மறுநாள் காலை தங்கியிருக்கும் இடத்தின் ஜன்னலுக்கு வெளியே ‘பாம் பாம்’ என்று கேட்டால், பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்குங்கள்.

கிளம்பும்போது அத்தான் பணத்தை நீட்டினார். பையன் வாங்க மறுத்தான். வாத்தியார் விடவில்லை, ஸ்டூலின் மேல் வைத்துவிட்டு, “கணக்குன்னா கணக்குதான்” என்றார். சுவரை ஒருமுறை பார்த்தேன். புது வண்ணம் அடித்திருந்தார்கள். என் பேரில் துடைக்கப்பட்ட கோடுகள் அதற்கு அடியில் எங்கோ இருக்கின்றன.