இழுத்தால் வரும் தட்டு

திருவனந்தபுரத்திற்குக் குடிவந்த புதிதில் நம்மவர் பலருக்கும் நேரும் அனுபவம் ஒன்று எனக்கும் நேர்ந்தது. எழுதுமேசை ஒன்று செய்விக்க வேண்டி ஓர் ஆசாரியிடம் சென்றிருந்தேன். அவர் நீளம், அகலம் எல்லாம் குறித்துக்கொண்டு, "வலிப்பு எத்ர வேணம்?" என்று கேட்டார். நான் திடுக்கிட்டுப் போனேன். மேசைக்கும் வலிப்பு வருமோ என்று விழித்த என்னைக் கண்டு, அவரே பக்கத்து மேசையின் அறையை இழுத்துக் காட்டினார். நாம் இழுப்பறை என்பதை மலையாளத்தார் வலிப்பு என்கிறார்கள். வலித்தல் என்றால் இழுத்தல், அவ்வளவே. நமக்கும் இதில் நகைக்க உரிமையில்லை. மூச்சு வாங்கும் நோயை நாம் 'இழுப்பு' என்றுதானே வழங்குகிறோம்!

இத்திங்கள் நான் எழுத எடுத்துக்கொண்டதும் அந்த வலிப்பைப் பற்றியே. ஆனால் மேசையில் உள்ளதன்று. ஊர் சுற்றும் வீட்டு வண்டியில் உள்ளது. நடுவே அந்த இழுப்பு நோயும் வந்து புகுந்துகொண்டது.

என் அன்னையாருக்கு இரண்டு குறைகள். ஒன்று முழங்கால் வலி. மற்றொன்று மேற்சொன்ன இழுப்பு. சில ஆண்டுகளாக அவர்கள் ஊர்ப்பயணத்தையே விட்டுவிட்டார்கள். இரயிலில் கீழ்ப்படுக்கை கிடைத்தாலும், பெட்டி படுக்கைக்கு அடியில் அல்லவா இருக்கிறது? ஒரு துண்டு எடுக்க வேண்டுமானாலும் தரையில் மண்டியிட்டு, முன்னால் இருக்கும் மூட்டையை அகற்றி, பின்னால் இருக்கும் பெட்டியை இழுக்க வேண்டும். அது அவர்களால் ஆகாது. பிறரை ஏவவும் மனம் வராது. "எனக்காக இன்னொருவர் குனிந்து எழுந்துகொண்டிருக்க வேண்டுமா? நான் வீட்டிலேயே இருந்துகொள்கிறேன், தம்பி" என்று முடித்துவிடுவார்கள். மூப்பு எய்தியவர்கள் பயணத்தை வெறுப்பதாக நாம் எண்ணுகிறோம். அவர்கள் வெறுப்பது பயணத்தையன்று. கேட்டு வாங்கும் நிலையைத்தான்.

இந்நிலையில் சென்ற கோடை விடுமுறையில் கோயம்புத்தூரிலிருந்து அக்காளும் அத்தானும் வந்தார்கள். அத்தான் பட்டறைத் தொழில் அறிந்தவர். தம் ஜீப்பின் பின்னால் பூட்டி இழுத்துவரும் இரு சக்கர டிரெய்லர் ஒன்றைச் சிறு வீடாகவே அமைத்து, முறைப்படி பதிவும் செய்து கொண்டுவந்திருந்தார். வண்டி ஓடும்போது அதனுள் ஒருவரும் இருக்கலாகாது. நின்ற இடத்தில் அதுவே வீடு.

இத்தகைய வண்டி நமக்குப் புதுமையாகத் தோன்றலாம், உலகிற்குப் பழமைதான். 1885இல் இங்கிலாந்தில் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஓய்வுபெற்ற கடற்படை மருத்துவர், இன்பப் பயணத்திற்கென்றே ஒரு வீட்டு வண்டி செய்வித்து, குதிரைகளைப் பூட்டி, தென்பகுதியிலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் வரையில் சென்றார். அதைக் கட்டிக்கொடுத்தது பிரிஸ்டல் நகரில் இரயில் பெட்டிகள் கட்டிய ஒரு தொழிற்சாலை என்பது எம்மைப் போன்ற இரயில்வே ஊழியருக்கு ஒரு சிறு பெருமை. பின்னர் 1933இல் அந்நாட்டு இரயில்வே நிறுவனம் ஒன்று, பழைய பெட்டிகளைக் கிராமத்து நிலையங்களின் ஓரத் தண்டவாளங்களில் நிறுத்தி, குடும்பங்கள் தங்குவதற்கு வாடகைக்கு விட்டது. நம் கேரள அரசும் 2021இல் காரவன் சுற்றுலாவுக்கெனத் தனிக்கொள்கை வகுத்தது. மறு ஆண்டில் வாகமணில் அதற்கான முதற்பூங்கா திறக்கப்பட்டது.

ஆனால் என்னைக் கவர்ந்தது வண்டியன்று, அதன் தட்டுகள். இருக்கைகளுக்கும் படுக்கைக்கும் அடியில் உள்ள இடமெல்லாம் ஆழமான பொந்துகள். சாதாரணமாக அத்தகைய பொந்தில் முன்பாதிதான் பயன்படும். பின்பாதியில் போனது போனதுதான். அத்தான் ஒவ்வொரு பொந்திலும் விளிம்பு வைத்த பலகைத் தட்டு ஒன்றை, குண்டுமணி போன்ற இரும்பு உருளைகள் பதித்த சறுக்குத் தண்டுகளின்மேல் ஏற்றியிருந்தார். ஒரு விரலால் இழுத்தால் தட்டு முழுதும் வெளியே வந்துவிடும். கடைசியில் வைத்த கடுகு டப்பாவும் கண்முன் வந்து நிற்கும். கை பொருளைத் தேடிப் போக வேண்டியதில்லை. பொருள் கையைத் தேடி வருகிறது. சிறிய தண்டவாளமும் சிறிய வண்டியும் என்று எனக்குத் தோன்றிற்று.

அன்னையார் வெளியே ஒரு முக்காலியில் அமர்ந்தபடியே தட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்தும் தள்ளியும் பார்த்தார்கள். மாப்பிள்ளையோடு நேரில் அதிகம் பேசும் வழக்கம் அவர்களுக்கு இல்லை. என்னைப் பார்த்து, "இதில் நான் குனியவே வேண்டியதில்லையே, தம்பி" என்றார்கள். மறுநாள் வாகமண் புறப்படும்போது, கேட்காமலே அவர்களும் கிளம்பிவிட்டார்கள். தம் காப்பி வடிகட்டி, சருக்கரை, மாற்றுப் புடவை, இழுப்புக்கான இன்ஹேலர் எல்லாவற்றையும் ஒரு தட்டில் தாமே அடுக்கிக்கொண்டார்கள். அந்த இன்ஹேலரை நாங்கள் ஒருவரும் கவனிக்கவில்லை.

ஈராற்றுப்பேட்டையைத் தாண்டியதும் மலைப்பாதை தொடங்குகிறது. ஊசி வளைவுகள், ஏற்றமோ செங்குத்து. மாலை ஆறரை மணிக்கு மேலே சேர்ந்தபோது மூடுபனி இறங்கியிருந்தது. ஜீப்பை விட்டு இறங்கிய அன்னையாருக்கு அந்தக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் இருமல், பிறகு நெஞ்சில் விசில் ஊதுவது போன்ற அந்த ஓசை. "மருந்து எங்கே, அம்மா?" என்றேன். பேச முடியாமல் டிரெய்லரைக் கையால் காட்டினார்கள்.

அத்தான் ஓடிச்சென்று பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினார். இரண்டு விரற்கடை மட்டும் திறந்து நின்றுவிட்டது. உட்புறம் திறக்கும் கதவு அது. எதிர்ப்பக்கத்துத் தட்டு ஒன்று வளைவில் விடுபட்டு, முழுதும் வெளியே ஓடிவந்து கதவிற்கு முட்டுக்கொடுத்து நின்றது. நாங்கள் இருவரும் தோள்கொடுத்துத் தள்ளினோம். தள்ளத் தள்ளத் தட்டு கோணிக்கொண்டு இறுகியதே தவிர அசையவில்லை. அக்காள் அன்னையாரை நிமிர்த்தி உட்கார வைத்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். கடைசியில் அக்காள் மகனைத் தூக்கிப் பின்பக்கத்துச் சிறு ஜன்னல் வழியாக உள்ளே விட்டோம். பத்து வயதுப் பிள்ளை. இருட்டில் தட்டுகளைத் துழாவி, "ஆச்சி மருந்து இதோ!" என்று ஜன்னல் வழியே நீட்டினான். எல்லாம் பத்து நிமிடத்திற்குள் முடிந்துவிட்டது. அந்தப் பத்து நிமிடத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

மூச்சு சீரானபின், தலைகுனிந்து நின்ற அத்தானை அன்னையார் பார்த்தார்கள். பின் என் பக்கம் திரும்பி, "மாப்பிள்ளையிடம் சொல், தம்பி. மருந்தை இடுப்பில் முடிந்துகொள்ளாதது என் பிழை" என்றார்கள். பிழை அவர்களுடையதன்று என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

அன்றிரவு விளக்கொளியில் அத்தானும் நானும் பிழை எங்கே என்று ஆராய்ந்தோம். நம் அன்பர்களில் இத்தகைய வண்டி வைத்திருப்போர் சிலரே ஆயினும், கண்டவை வீட்டிற்கும் பயன்படுமாதலின் இங்கே எழுதுகிறேன்.

முதலாவது, தாழ்ப்பாள். அத்தான் தட்டுகளை நிறுத்த, வீட்டு அலமாரிக்கு வைக்கும் காந்தப் பிடியையே வைத்திருந்தார். நிற்கும் வீட்டிற்கு அது போதும். ஓடும் வீட்டிற்குப் போதாது. இருபது கிலோ ஏற்றிய தட்டு ஒன்று இருக்கிறது என்று கொள்வோம். பிரேக்கைச் சற்றுக் கடுமையாக அழுத்தினாலும், வளைவில் வேகமாகத் திரும்பினாலும், அது பத்துக் கிலோ எடையின் விசையோடு முன்னோக்கியோ பக்கவாட்டிலோ பாயக் கூடும். உருளைத் தண்டில் உராய்வு மிகக் குறைவு. எளிதில் இழுக்க வருவது எதுவோ, அது எளிதில் தானே வந்துவிடும். ஆகவே அந்த விசை முழுவதையும் தாங்க, ஒவ்வொரு தட்டிற்கும் உலோகத் தாழ்ப்பாள் வேண்டும். திறந்த நிலையிலும் ஒரு தடை வேண்டும். இல்லையேல் சரிவான இடத்தில் நிறுத்தியபோது தட்டு தானே திரும்பி விரலை நசுக்கும்.

இரண்டாவது, வழி. எந்தத் தட்டு விடுபட்டாலும் கதவை அடைக்காதவாறு அமைத்தல் வேண்டும். கதவு வெளிப்புறம் திறப்பதே நலம்.

மூன்றாவது, பாரம். கனமான பொருள்கள் கீழ்த்தட்டிலும், சக்கர அச்சுக்கு அருகிலும் இருக்க வேண்டும். இடமும் வலமும் சமமாகவும் இருக்க வேண்டும். பாரம் பின்கோடியில் மிகுந்தால் முன்கொக்கி மேல்நோக்கித் தூக்கும். வேகத்தில் டிரெய்லர் பாம்பு போல் நெளியத் தொடங்கும். முன்பக்கம் சிறிது கூடுதலாக இருப்பதே முறை. முழுதும் வெளியே இழுத்த தட்டு ஒரு நெம்புகோல் என்பதையும் மறக்கலாகாது. நுனியில் உள்ள பாரம் பின்னால் உள்ள திருகாணிகளைப் பிடுங்கப் பார்க்கும். தண்டுகள் ஜோடியாக விற்கப்படுகின்றன. எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்டு வாங்கி, அதைவிடக் குறைத்தே ஏற்ற வேண்டும்.

நான்காவது, அளவு. சாதாரணமாகக் கிடைக்கும் உருளைத் தண்டிற்கு ஒரு பக்கத்திற்கு அரை அங்குல இடம் வேண்டும். எனவே பொந்தின் அகலத்தைவிடத் தட்டின் அகலம் ஓர் அங்குலம் குறைவாயிருக்க வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் ஆசாரி பொந்தின் அளவிற்கே தட்டைச் செய்துவிடுவார். பிறகு இழைப்புளிதான் கதி.

ஐந்தாவது, உப்புக்காற்று. திருவனந்தபுரம் போன்ற கடலோர ஊர்களில் சாதாரண இரும்புத் தண்டு விரைவில் துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத எஃகாயின் விலை கூடினாலும் உழைக்கும். தட்டின்மேல் ரப்பர் விரிப்பு இட்டால் டப்பாக்கள் நகரா. வெங்காயம், உருளைக்கிழங்கு வைக்கும் தட்டின் அடியில் துளைகள் வேண்டும். எரிவாயு உருளையை இத்தட்டுகளில் ஏற்றவே கூடாது. அது காற்றோட்டமுள்ள இடத்தில் நிமிர்ந்து, இறுகக் கட்டப்பட்டு இருக்க வேண்டும்.

ஆறாவதும் முதன்மையானதும் ஒன்று உண்டு. மருந்து தட்டில் பயணம் செய்யலாகாது. அது ஆளோடு பயணம் செய்ய வேண்டும்.

இவற்றுள் தாழ்ப்பாளை மட்டும் மறுநாளே கடைத்தெருவில் வாங்கிப் பொருத்தினோம். கதவை மாற்றி வைப்பது கோவைக்குச் சென்றபின் ஆகட்டும் என்றார் அத்தான்.

அன்று விடியற்காலையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். நான் கண்விழித்தபோது காப்பி மணம் வந்தது. அன்னையார் முக்காலியில் அமர்ந்து, கீழ்த்தட்டை இழுத்து வைத்துக்கொண்டு, வடிகட்டியிலிருந்து டிகாக்ஷன் இறக்கிக்கொண்டிருந்தார்கள். இன்ஹேலர் இடுப்பு முடிச்சில் இருந்தது. முதல் தம்ளரை என்னிடம் தந்து, "மாப்பிள்ளைக்குக் கொண்டுபோய்க் கொடு" என்றார்கள். வீட்டில் ஓராண்டாக அவர்கள் அடுப்பருகே வந்ததில்லை. பாத்திரமெல்லாம் மேடைக்கு அடியில் இருந்ததால் வர இயலவில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. நாங்கள் ஓய்வு என்று எண்ணி அவர்களுக்கு அளித்திருந்தது ஓய்வன்று.

திரும்பி வந்ததும் சாலைக் கடைத்தெருவிற்குச் சென்று இரண்டு ஜோடித் தண்டுகள் வாங்கினேன். ஒன்று சமையல் மேடைக்கு அடியில். மற்றொன்று அன்னையாரின் கட்டிலுக்கு அடியில். பிழைப்பைத் தேடி வெளியூரில் வாழும் நமக்குப் பெரிய வீடு வாய்ப்பது அரிது. சிறிய வீட்டில் கட்டிலுக்கு அடியே களஞ்சியம். அதன் பின்பாதியை நாம் யாரும் பார்த்ததில்லை. உங்கள் இல்லத்திலும் மூத்தோர் ஒருவர் இருப்பின், அவர் எதைக் கேட்பதை நிறுத்திவிட்டார் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் அது எங்கேனும் ஒரு பொந்தின் பின்பாதியில் இருக்கும்.

தண்டுகளைப் பொருத்த வந்தவர் அதே பழைய ஆசாரிதான். இம்முறை அவர் வாய் திறக்குமுன் நானே, "ரெண்டு வலிப்பு" என்று சொல்லிவிட்டேன். உள்ளேயிருந்து அன்னையாரின் குரல் வந்தது: "தாழ்ப்பாளையும் சொல்லிவிடு, தம்பி!"