வீட்டு வைத்தியம்: புதினாத் தைலம்

சித்திரை பிறந்துவிட்டால் வடநாட்டில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குச் சோதனைக் காலம் தொடங்கிவிடுகிறது. 'லூ' என்று இங்குள்ளோர் அழைக்கும் அனற்காற்று முதலில் வரும். மழை நெருங்க நெருங்கப் புழுக்கம் மிகும். குழந்தைகளின் கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு படர்ந்துவிடும். அவ்வேளையில் அண்டை வீட்டார் பரிவோடு எடுத்துக் கொடுப்பது 'பிப்பர்மிண்ட்' தைலம். அத்தைலத்தைப் பற்றி இம்மாதம் எழுத முற்பட்டதற்குக் காரணம், சென்ற கோடையில் எமது இல்லத்தில் நாம் செய்த ஒரு பிழையே.

உத்தரப் பிரதேசத்தில் பாராபங்கி வட்டாரத்து அன்பர் ஒருவர் ஒரு சிறு சீசா நிறையத் தைலம் அளித்தார். ஏழு வயதுடைய எமது மகளின் முதுகில் வேர்க்குரு; அவள் சொறிந்து சொறிந்து தோல் சிதைந்திருந்தது. தைலத்தை அப்படியே விரலால் தொட்டுத் தடவினோம். ஒரு கணம் "ஜில்லென்று இருக்கிறது, அப்பா!" என்றாள். மறுகணம் துடித்து அழத் தொடங்கினாள். பதறிப்போய் நீரை ஊற்றினோம், எரிச்சல் தணியவில்லை. எம் துணைவியார்தாம் ஓடிவந்து, "எண்ணெய் தண்ணீரில் போகுமா? தேங்காயெண்ணெயை எடுங்கள்" என்று கூறி, பஞ்சில் எண்ணெயை நனைத்துத் துடைத்தெடுத்தார். தைலம் நீரில் கரையாது, எண்ணெயில் கரையும் என்னும் எளிய உண்மை அப்பொழுது நமக்குத் தோன்றவில்லை. சிவந்து கன்றிய தோல் ஆற ஒரு வாரத்துக்கு மேலாயிற்று.

பிறகுதான் நாம் விசாரித்து அறிந்தோம். இப்பகுதி உழவர்கள் பிப்பர்மிண்ட் என்று வழங்குவது மேனாட்டார் கூறும் பெப்பர்மிண்ட் அன்று. மேனாட்டுச் செடி இருவகைப் புதினாக்களின் கலப்பால் தோன்றியது. அதன் தைலத்தில் மெந்தால் என்னும் புதினா உப்பு நூற்றுக்கு 30 முதல் 55 பங்கு வரை இருக்கும். இங்கு விளைவதோ மெந்தால் புதினா என்னும் வேறு இனம். இதன் தைலத்தில் மெந்தால் நூற்றுக்கு 70 பங்குக்கும் மேல். குளிர வைத்தால் உப்பு பளிங்குபோல் உறைந்து பிரியும். லக்னோவிலுள்ள மத்திய மருந்து, நறுமணச் செடிகள் ஆராய்ச்சி நிலையம் தந்த 'கோசி' போன்ற ரகங்கள் இங்கு பரவின. கோடையில் அறுவடை செய்து, நீராவியில் வடித்துத் தைலம் எடுக்கிறார்கள். இரண்டையும் ஒரே பெயரால் வழங்குவதால், நூலில் படித்த அளவைக் கொண்டு கையிலுள்ள தைலத்தைத் தடவுவோர் ஏமாறுவர்.

இனி, குளிர்ச்சி எவ்வாறு உண்டாகிறது? தோலின் நரம்பு நுனிகளில் குளிரை உணரும் வாயில் ஒன்று உண்டு. வெப்பம் ஏறக்குறைய 26 பாகை செல்சியசுக்குக் கீழ் இறங்கும்போது அது திறந்து மூளைக்குச் செய்தி அனுப்பும். மெந்தால் பட்டால், தோல் குளிராதபோதே அவ்வாயில் திறந்துவிடும். 2002-இல் டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் ஆகிய இருவரும் தனித்தனியே இதனைக் கண்டறிந்தனர். வெப்பம், தொடுகை ஆகியவற்றை உணரும் வாயில்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 2021-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே, தைலம் தோலின் உஷ்ணத்தை வெளியேற்றுவதில்லை. குளிர்ந்ததுபோன்ற உணர்வையே தருகிறது. அரிப்பு அவ்வுணர்வில் அடங்கும். அரிப்புக்கு மூலமான அழற்சி அங்கேயே இருக்கும்.

ஆயினும் அரிப்பு அடங்குவதும் சிறு நன்மையன்று. சொறிவது நின்றால் புண் குறையும். கொசுக்கடி போன்ற சிறு இடத்து அரிப்புக்கு, சிதையாத தோலில் மட்டும் இதனைப் பயன்படுத்தலாம். அளவு: ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி லிட்டர் தேங்காயெண்ணெய்க்குத் தைலம் ஒரே துளி. முதலில் முன்கையின் உட்புறம் சிறிது தடவி ஒரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். சிவந்தால் விட்டுவிட வேண்டும். தடவிய கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் கண்ணருகே கொண்டு போகலாகாது.

வேர்க்குருவுக்கோ எண்ணெய் கலந்த எதுவும் ஏற்றதன்று. வியர்வைத் துளைகள் அடைபடுவதால் வருவது வேர்க்குரு. எண்ணெய் அவற்றை மேலும் அடைக்கும். குளிர்ந்த நீரில் குளிப்பாட்டி, ஈரம் போகத் துடைத்து, தளர்ந்த பருத்தி ஆடை உடுத்திக் காற்றோட்டமான இடத்தில் வைத்திருப்பதே முதல் சிகிச்சை. தேவையானால் காலமைன் லோஷன் தடவலாம். சீழ் கோத்தாலும் காய்ச்சல் கண்டாலும் மருத்துவரிடம் செல்வதைத் தள்ளிப்போடக் கூடாது.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். இரண்டு வயது நிரம்பாத குழந்தைகளுக்கு இத்தைலத்தை எவ்வகையிலும் பயன்படுத்தலாகாது. சளிக்கென்று மூக்கருகே தடவும் வழக்கம் நம்மவரிடையே உண்டு. மெந்தாலின் வீச்சினால் சிசுவின் குரல்வளை இறுகி மூச்சு நின்றுபோகக் கூடும்.

எமது இல்லத்துச் சீசாவை இப்பொழுது குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வைத்திருக்கிறோம். அதன்மேல் துணைவியார் தம் கைப்பட எழுதிய சீட்டு ஒன்று ஒட்டியிருக்கிறது: "தனியே தடவாதீர். பட்டுவிட்டால் தண்ணீர் வேண்டாம், தேங்காயெண்ணெய்." இத்தைலம் உள்ள ஒவ்வொரு வீட்டிலும் அத்தகைய சீட்டு ஒன்று இருப்பது நலம்.