அண்டையில் இருந்த அயல்நாடு

அயல்நாடு என்றதும் கப்பலும் வானூர்தியும் நினைவிற்கு வருதல் இயல்பு. ஆயின், காலையில் எண்ணி, நண்பகலில் அயல்நாட்டில் உலாவி, மாலையில் இல்லம் திரும்பும் வாய்ப்பு அந்நாளைய தென்னார்க்காடு மாவட்டத்து மக்களுக்கு இருந்தது. அவ்வயல்நாடு புதுச்சேரி. 1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் இந்திய ஆட்சிக்கு மாறும் வரை அது பிரெஞ்சியர் ஆண்ட மண். எல்லையில் கெடுபிடி மிகாத நாள்களில், கடலூரினர் வடக்கே ஏறத்தாழ 22 கிலோமீட்டர் சென்று சுங்கச் சாவடியைக் கடந்தால் போதும்; பேச்சு அதே தமிழ், ஆட்சியும் சட்டமும் வேறு.

இவ்வாறு திடீரெனப் புறப்பட்டுச் செல்வோர் எந்நாளும் இருவகையினர். ஒருவகையினர் கடற்கரையையும் கலங்கரை விளக்கத்தையும் ஆயி மண்டபத்தையும் விரைந்து பார்ப்பர். கொண்டுவந்த கட்டுச்சோற்றை உண்பர். "ஊரைப் பார்த்துவிட்டோம்" என்று மகிழ்ந்து திரும்புவர். மற்றொரு வகையினர் தெருத்தெருவாக நடப்பர், அங்காடியில் நிற்பர், அவ்வூரார் உண்பதை விரும்பிக் கேட்டு உண்பர். இவருள் ஊரை உண்மையில் அறிந்தவர் பின்னவரே. கட்டடம் ஆண்டவரின் செல்வத்தைக் காட்டும். உணவோ வாழ்ந்தவரின் வரலாற்றைக் காட்டும்.

இதற்குப் புதுச்சேரியின் தென்பகுதியில் உள்ள உப்பளமே சான்று. உப்பு விளையும் இடம் என்பதே அப்பெயரின் பொருள். 'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்பது பழமொழி. அத்தகைய எளிய பொருளுக்காக இரு வல்லரசுகள் உடன்படிக்கை எழுதின. பிரெஞ்சுப் பகுதிகளில் விளையும் உப்பில் உள்ளூர்த் தேவை போக எஞ்சியதை வாங்கும் தனியுரிமை, 1815ஆம் ஆண்டில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அளிக்கப்பட்டது. அதற்கு ஈடாக ஆண்டுதோறும் 4 இலட்சம் ரூபாய் தரக் கம்பெனி இசைந்தது. உண்ணும் சோற்றில் கலந்த உப்பிற்கும் இத்தகைய வரலாறு உண்டு!

உப்பளத்திற்குத் தெற்கே சில கிலோமீட்டர் தொலைவில் அரிக்கமேடு உள்ளது. 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது, உரோம நாட்டு மதுச்சாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. மதுவும் ஒலிவ எண்ணெயும் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன்னரே கடல் கடந்து இக்கரையை அடைந்தன. அயல்நாட்டுச் சுவை இம்மண்ணிற்குப் புதிதன்று.

பிற்காலத்தில் பிரெஞ்சியர் நீண்ட ரொட்டியைக் கொணர்ந்தனர். புதுச்சேரியார் அதனைத் தம் குழம்பில் தோய்த்துத் தமதாக்கிக்கொண்டனர். கொண்டது போலவே கொடுத்ததும் உண்டு. சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து முதலியவற்றைச் சேர்த்து உருட்டி, வெயிலில் உலர்த்தும் தாளிப்பு வடகத்தைப் புதுச்சேரியார் வடவம் என்பர். அது 'வடுவான்' என்னும் பெயருடன் பிரான்சு நாட்டு அடுக்களையில் புகுந்து, இன்று அங்குள்ள சமையற்கலைஞர்களால் போற்றப்படுகிறது. தமிழ் மூதாட்டியர் முற்றத்தில் உலர்த்திய உருண்டை, தூதுவர் செய்யும் பணியைச் செய்தது அன்றோ?

ஊன் உண்ணாதார் தம் நோன்பை விடுத்து அயலூரில் எதையும் உண்ணவேண்டும் என்பது இதன் கருத்தன்று. மரக்கறியிலும் ஒவ்வோர் ஊருக்கும் தனிச்சுவை உண்டு. உண்ண இயலாததைப் பணிவுடன் மறுத்தல் பண்பு. மூக்கைச் சுளித்து இகழ்தல் பிழை. பிறர் உணவை இகழ்பவர், அதை ஆக்கிய கைகளையும் இகழ்ந்தவர் ஆவர். அத்தகையோர் உலகம் முழுதும் சுற்றினும் தம் ஊர் எல்லையைக் கடந்தவர் ஆகார்.

இன்று அச்சுங்கச் சாவடிகள் இல்லை. எனினும், நெஞ்சில் உள்ள சாவடியை அவரவரே அகற்றுதல் வேண்டும். அதற்குப் பெரும்பொருளும் நெடும்பயணமும் வேண்டா. அடுத்த ஊருக்குச் செல்லும் ஒருநாட் பயணத்திலேயே, கண் திறந்து பார்த்து, அன்புடன் இட்டதை மகிழ்ந்து உண்ணப் பழகும் மாணவர், நாளை எந்நாட்டிற்குச் செல்லினும் அங்கு அயலாராக இரார்.