குழந்தை வண்டியும் ஆண் பிள்ளையின் வெட்கமும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை நமது ஊர்ப் படிப்பகத்தில் நான்கு வாலிபத் தோழர்கள் ஒரு மூலையில் உட்கார்ந்து வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். தேர்தல் சங்கதியாகவோ சினிமாச் சங்கதியாகவோ இருக்கும் என்று எண்ணி நாமும் காது கொடுத்தோம். அவர்கள் பேசியதோ குழந்தை வண்டியைப் பற்றி! ஒருவர் பஸ் ஓட்டுகிறவர். ஒருவர் மில் தொழிலாளி. ஒருவர் பள்ளிக்கூட உபாத்தியாயர். ஒருவர் மளிகைக் கடைக்காரர். நால்வருக்கும் இந்த ஒரு வருஷத்திற்குள் பிள்ளை பிறந்திருக்கிறது. எந்த வண்டியின் சக்கரம் நமது தெருக் குழிகளுக்குத் தாங்கும், எத்தனை மாதத்தில் பிள்ளையை அதில் உட்கார வைக்கலாம், பால் குடித்த பிள்ளைக்கு ஏப்பம் வர எப்படித் தட்டுவது, நடு இரவில் அழுதால் என்ன செய்வது என்று ஒருவரை ஒருவர் கேட்டும் சொல்லியும் கொண்டிருந்தார்கள்.

நமக்கு மெத்த சந்தோஷமாயிருந்தது. ஆனால் மில் தொழிலாளித் தோழர் கடைசியில் சொன்ன வார்த்தைதான் நம்மை இத்தலையங்கம் எழுதச் செய்தது. அவர் சொன்னதாவது:

"எல்லாம் சரிதாங்க. வண்டி வாங்கி ஒரு மாசமாச்சு. வீட்டுக்குள்ளே தள்ளுகிறேன். தெருவிலே தள்ளிக்கொண்டு போனால், 'என்னப்பா, பொம்பளை வேலை உனக்கு வந்துவிட்டதா? சம்சாரம் எங்கே போய்விட்டாள்?' என்று திண்ணையிலே இருக்கிறவர்கள் கேட்கிறார்கள். அதனாலே இருட்டின பிறகுதான் வெளியே கொண்டு போகிறேன்."

ஒரு தகப்பன் தன் சொந்தப் பிள்ளையைத் திருட்டுச் சாமானைப்போல் இருட்டில் கொண்டுபோக வேண்டியிருக்கிறதென்றால், இந்த வெட்கம் எங்கிருந்து வந்தது என்று சற்று யோசித்துப் பார்க்க வேண்டாமா என்று கேட்கின்றோம்.

முதலாவதாக, அந்த வண்டியைக் கண்டுபிடித்தவர்கள் யார்? 1733-ம் வருஷ வாக்கில் இங்கிலாந்தில் ஒரு பிரபுவின் பிள்ளைகளுக்காக ஆட்டையோ குட்டிக் குதிரையையோ பூட்டி இழுக்கும் சிறு வண்டியைச் செய்து கொடுத்தவர் வில்லியம் கெண்ட் என்ற கட்டடச் சிற்பி. 1889-ம் வருஷத்தில், பிள்ளை தள்ளுகிறவர் முகத்தைப் பார்க்கும்படியாகவும் வேண்டும்போது எதிர்ப்பக்கம் திரும்பும்படியாகவும் தொட்டியை அமைத்து அமெரிக்காவில் உரிமைப் பத்திரம் பெற்றவர் பால்டிமோர் நகரத்து வில்லியம் ரிச்சர்ட்சன். இன்று குடையைப்போல் மடக்கிக் கையில் தூக்கிக்கொண்டு போகிறோமே, அந்த வண்டியை 1965-ல் அலுமினியக் குழாயில் அமைத்தவர் ஓவன் மக்ளாரன். யுத்த விமானம் தரையிறங்கும் சக்கரக் கால்களை அமைப்பதில் வேலை பார்த்தவர். தம் மகள் பேரப்பிள்ளையையும் கனத்த வண்டியையும் வைத்துக்கொண்டு பிரயாணத்தில் படும் பாட்டைப் பார்த்துவிட்டுத்தான் அதைச் செய்தார். ஆக, வண்டியைக் கற்பனை செய்ய ஆணுக்கு வெட்கமில்லை. கடை போட்டு விற்று லாபம் எடுக்கவும் வெட்கமில்லை. தன் பிள்ளையை அதில் வைத்துத் தள்ளுவதற்கு மாத்திரம் வெட்கம் வந்துவிடுகிறது!

இரண்டாவதாக, நமது ஆண்மக்களுக்கு வண்டி என்றாலே வெட்கமா என்றால் அதுவுமில்லை. தேர்த் திருவிழா வந்தால் ஆயிரக்கணக்கான ஆண்கள் வெயிலில் வியர்வை சிந்தி, உள்ளங்கை தோலுரிய, சாப்பிடவும் தூங்கவும் அழவும் தெரியாத ஒரு பொம்மையை வைத்து வடம் பிடித்து இழுக்கிறார்கள். அதை மகா புண்ணியம் என்று பெருமையாய்ச் சொல்லிக்கொள்கிறார்கள். பசித்தால் அழுகிற, முகத்தைப் பார்த்தால் சிரிக்கிற, தன் இரத்தமாகிய பிள்ளை இருக்கிற சிறு வண்டியை ஒரு விரலால் தள்ளுவது மாத்திரம் ஆண்மைக்குக் குறைவாம்! இது எந்த ஊர் நியாயம்?

இதற்கு வைதீகர்கள் சொல்லும் சமாதானம், "பிள்ளை வளர்ப்பது பெண்ணுக்கு இயற்கை" என்பதாகும். கர்ப்பம் தரிப்பதும், பெறுவதும், மார்பில் பால் கொடுப்பதும் பெண்ணால்தான் முடியும் என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆனால் மற்றவை? பிள்ளையைக் குளிப்பாட்டுவது, ஈரத் துணியை மாற்றுவது, துவைப்பது, தோளில் போட்டுத் தட்டுவது, ஊசி போடக் கொண்டுபோவது, வண்டியில் வைத்துத் தள்ளுவது, இவைகளில் எதற்குக் கர்ப்பப்பை வேண்டியிருக்கிறது? ஹோட்டலில் சமைப்பவன் ஆண். சலவைத் தொழில் செய்பவன் ஆண். கூலி கிடைத்தால் அந்த வேலையெல்லாம் ஆணுக்கு இயற்கையாய்விடுகிறது. கூலி இல்லாமல் வீட்டில் செய்தால் மாத்திரம் பெண்ணுக்கு இயற்கையா? இது இயற்கையல்ல, சோம்பேறித்தனத்திற்கு வைத்த மரியாதைப் பெயர் என்றே சொல்லுவோம்.

நிற்க. நாமும் யோக்கியர்போல் பிறருக்கு உபதேசம் செய்துவிட்டுத் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை. நமது மூத்த பெண் பிறந்த சமயத்தில் நாம் ஊர் ஊராய்க் கூட்டம் பேசிக்கொண்டு திரிந்தோம். ஒரு நாள் விடியற்காலையில் வீடு வந்து சேர்ந்தபோது, இரவு முழுவதும் கண் மூடாத நமது துணைவி, ஒரு கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு மறு கையால் நமக்குக் காப்பி வைத்துக் கொடுத்தார். "நேற்று எதைப்பற்றிப் பேசினீர்கள்?" என்று கேட்டார். "பெண் விடுதலையைப்பற்றி" என்று சொன்னோம். அவர் ஒன்றும் பதில் சொல்லவில்லை. பிள்ளையை நமது மடியில் போட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டார். அந்தப் பிள்ளையின் தலையை எப்படித் தாங்கிப் பிடிப்பது என்பதுகூட நமக்குத் தெரியவில்லை. மேடையில் கிடைத்த கைதட்டல் எல்லாம் அந்த நிமிஷத்தில் நமக்குக் கன்னத்தில் விழுந்த அறையாய்ப் பட்டது. சுயமரியாதைத் திருமண மேடையில் "வாழ்க்கைத் துணைவர்" என்று உறுதி சொல்லுகிற தோழர்கள், பிள்ளை பிறந்த அன்றைக்கே அவ்வுறுதியை மறந்துவிடுகிறார்களென்பதை நாம் நமது அனுபவத்தைக்கொண்டே சொல்லுகிறோம்.

இது இந்த நாட்டு ஆண்களுக்கு மாத்திரம் உள்ள குணமல்ல. ஸ்வீடன் தேசத்தின் கதையைக் கேளுங்கள். பிள்ளை வளர்ப்பதற்காகத் தாய்க்கு மாத்திரம் இருந்த லீவை, தாய் தகப்பன் இருவருக்கும் பொது என்று உலகத்திலேயே முதலில் 1974-ல் சட்டம் செய்தவர்கள் அவர்கள். முதல் வருஷத்தில் ஆண்கள் எடுத்த லீவு மொத்தத்தில் நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை! லீவும் கொடுத்து, பணமும் கொடுத்தால்கூட வெட்கம் போகவில்லை. அதன்பேரில் அந்நாட்டார், லெனார்ட் டால்கிரென் என்ற பளுதூக்கும் பயில்வானின் கையில் ஒரு சிறு குழந்தையைக் கொடுத்துப் படம் எடுத்து ஊரெங்கும் ஒட்டினார்கள். பயில்வானுக்கே குறைவில்லையென்றால் உனக்கென்ன குறைவு என்பது அதன் அர்த்தம். அதுவும் போதவில்லை. ஆகவே 1995-ல், ஒரு மாத லீவைத் தகப்பனே எடுக்கவேண்டும், எடுக்காவிட்டால் அது தாய்க்கும் போகாது என்று விதித்தார்கள். 2002-ல் அதை இரண்டு மாதமாகவும், 2016-ல் மூன்று மாதமாகவும் ஆக்கினார்கள். இப்போது ஒரு பிள்ளைக்கு மொத்தம் 480 நாட்கள். அதில் 90 நாட்கள் தகப்பனுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. இன்று அங்கு ஆண்கள் எடுப்பது ஏறக்குறைய நூற்றுக்கு முப்பது பங்கு. சரிபாதி இன்னும் வரவில்லை. ஆனாலும் ஸ்டாக்ஹோம் நகரத் தெருக்களில் பட்டப்பகலில் ஆண்கள் கூட்டங்கூட்டமாய்க் குழந்தை வண்டி தள்ளிப் போவதையும், காப்பிக் கடையில் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் யோசனை சொல்லிக்கொள்வதையும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வழக்கம் தெய்வம் செய்ததல்ல, மனிதன் செய்தது, மனிதனால் மாற்றக்கூடியது என்பதற்கு இதைவிட வேறு ருசு என்ன வேண்டும்?

நமது தேசத்தில், வேலை பார்க்கும் தாய்க்குப் பிரசவ லீவுக்காக 1961-ல் ஒரு சட்டம் வந்தது. 2017-ல் அது 26 வாரமாக ஆயிற்று. சந்தோஷந்தான். ஆனால் அச்சட்டமும் அதன் திருத்தமும் தகப்பன் என்று ஒருவன் இருப்பதாகவே நினைக்கவில்லை. மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தனுக்கு 15 நாள் உண்டு. மில்லிலும் கடையிலும் கட்டட வேலையிலும் உழைக்கும் தகப்பன் என்ன செய்வான்? இதற்காகத் தொழிற்சங்கங்கள் கிளர்ச்சி செய்ய வேண்டியது அவசியமாகும்.

இனி, சட்டம் வரும்வரை காத்திராமல் நம் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவைகளைச் சொல்லுவோம். வண்டி வாங்க வசதியுள்ளவர்கள், பிள்ளைக்குத் தலை நின்று தானாக உட்காருகிற வரை, அதாவது சுமார் ஆறு மாதம் வரை, மல்லாக்கச் சமமாய்ப் படுக்க வைக்கும் வண்டியாகவே பார்த்து வாங்கவேண்டும். நம் தெருவுக்குப் பெரிய சக்கரமே நல்லது. நிற்கும்போதெல்லாம் பிரேக் போடவேண்டும். தோள், இடுப்பு, கால் இடுக்கு வார்களை ஒவ்வொரு தடவையும் மாட்டவேண்டும். கைப்பிடியில் காய்கறிப் பையை மாட்டினால் வண்டி பின்னால் சாயும். வெயிலுக்குப் பயந்து வண்டியைத் துணியால் மூடினால் உள்ளே காற்றில்லாமல் சூடு அதிகமாகுமே தவிரக் குறையாது. பழைய வண்டி வாங்குவதில் தவறில்லை. பிரேக்கையும் வாரையும் சோதித்து வாங்கினால் போதும். வண்டிக்கே வழியில்லாதவர்கள் வருத்தப்பட வேண்டாம். தகப்பன் தோளைவிட உயர்ந்த வண்டி எந்தக் கடையிலும் விற்பதில்லை.

திருஷ்டிக்கென்று வண்டியில் கறுப்புக் கயிறு தொங்கவிடுகிறவர்கள், இல்லாத திருஷ்டிக்குப் பயந்து, பிள்ளையின் கழுத்தில் சிக்கக்கூடிய நிஜமான ஆபத்தைக் கட்டிவிடுகிறார்கள். பிள்ளை பிறக்குமுன் வண்டியோ தொட்டிலோ வாங்கினால் ஆகாதென்பதும் வெறும் பயமே. இங்கிலாந்திலுங்கூட வண்டியை முன்னதாக வீட்டுக்குள் கொண்டுவரக்கூடாது என்று நம்புகிறவர்கள் உண்டு. மூடத்தனத்திற்கு வெள்ளைத் தோல் கறுப்புத் தோல் என்ற பேதமில்லை!

பிறந்தவுடன் சேனை வைப்பதென்று சர்க்கரைத் தண்ணீரும் தேனும் நாக்கில் தடவுகிறார்கள். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் அதிலுள்ள ஒருவிதக் கிருமியின் நஞ்சால் பிள்ளைக்கு உயிராபத்தும் நேரிடலாம். முதலில் சுரக்கும் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவது பிள்ளையின் முதல் மருந்தைக் கொட்டுவதாகும். ஆறு மாதம் வரை தாய்ப்பாலே போதும், தண்ணீரும் வேண்டாம். தொப்புளில் சாம்பலோ சாணமோ வைக்காமல் உலர்ந்து சுத்தமாய் இருக்க விடவேண்டும். வசம்புக்குப் "பிள்ளை வளர்ப்பான்" என்று பெயர் வைத்து வாயில் புகட்டுகிறார்கள். அதை வைத்தியர்கள் வேண்டாமென்கிறார்கள். அந்தப் பெயர் இனித் தகப்பனுக்கு உரியதாகட்டும்.

தூங்க வைக்கும்போது பிள்ளையை மல்லாக்கவே போடவேண்டும். மேல்நாடுகளில் 1990-களில் இந்த ஒரு செய்தியைப் பிரசாரம் செய்ததினாலேயே தொட்டிலில் திடீரென்று சாகும் பிள்ளைகளின் தொகை பாதிக்குமேல் குறைந்தது. பிள்ளை இருக்கும் அறையில் பீடி சிகரெட் கூடாது. எவ்வளவு அழுதாலும் ஆத்திரத்தில் பிள்ளையைக் குலுக்கக் கூடாது. மூளையில் இரத்தம் கசிந்துவிடும். பொறுமை போனால் பிள்ளையைப் பத்திரமாய்ப் படுக்க வைத்துவிட்டு ஐந்து நிமிஷம் வாசலில் போய் நிற்பதே உத்தமம். மூன்று மாதத்திற்குள் காய்ச்சல் கண்டால் மந்திரிக்கப் போகாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

பிறந்தவுடனும், பிறகு 6, 10, 14 வாரங்களிலும், ஒன்பதாம் மாதத்திலும் ஊசியும் சொட்டு மருந்தும் உண்டு. அந்த அட்டை தகப்பன் சட்டைப் பையில் இருக்கட்டும். அம்மை என்றால் மாரியாத்தாள் என்று கூழ் ஊற்றிய காலமெல்லாம் பெரியம்மை போகவில்லை. உலகமெங்கும் அம்மை குத்தியதால், 1980-ல் அது உலகத்தை விட்டே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

மற்றொன்று மிக முக்கியமானது. பிள்ளை பெற்ற சில பெண்கள் காரணமின்றி அழுவார்கள். தூக்கமும் பசியும் இல்லாமல், பிள்ளையின் முகத்தைப் பார்க்கவும் வெறுப்பாயிருக்கும். அதைப் பேய் என்று வேப்பிலை அடிப்பவர்களும், திமிர் என்று ஏசுபவர்களும் உண்டு. அது ஒரு நோய். டாக்டரிடம் போனால் குணமாகும். இரண்டு வாரத்துக்குமேல் நீடித்தால் தாமதிக்கவே கூடாது. அதை முதலில் கண்டுகொள்ள வேண்டியவன் பக்கத்திலிருக்கும் புருஷனே. இரவில் ஒரு முறை பிள்ளையை அவன் வாங்கிக்கொண்டு அவளை நான்கு மணி நேரம் தூங்க விடுவது, ஆயிரம் அர்ச்சனையைவிடப் பயன் தரும்.

ஆகவே தோழர்களே! ஒவ்வொரு ஊர்ப் படிப்பகத்திலும் மாதம் ஒரு நாள், புதிதாய்த் தகப்பனானவர்கள் கூடிப் பேச ஏற்பாடு செய்யுங்கள். சுகாதார நிலைய நர்ஸ் அம்மையார் ஒருவரை அழைத்துக் கேள்வி கேளுங்கள். தெரியாததைக் கேட்பதில் அவமானமில்லை; தெரியாமலே தகப்பன் என்று மீசை முறுக்குவதுதான் அவமானம்.

கடைசியாக நமது மில் தொழிலாளித் தோழருக்கு ஒரு வார்த்தை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு, நல்ல வெளிச்சத்தில், வண்டியைக் கடைத்தெரு வழியாகத் தள்ளிக்கொண்டு வாருங்கள். மற்ற மூன்று தோழர்களும் தங்கள் பிள்ளைகளோடு வரட்டும். நாமும் கூட நடந்து வருகிறோம். திண்ணையில் இருப்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். நான்கு வாரம் தொடர்ந்து பார்த்தால் அவர்களுக்கே அலுத்துப்போகும். நமது மடியில் அன்று விழுந்த அந்தப் பெண்ணுக்கு நாம் செய்யத் தவறியதை, உங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள் செய்வதைப் பார்த்தாவது நாம் ஆறுதலடைய விரும்புகிறோம்.